முத்துப்பார் பழுக்கவில்லை

உலகநாச்சியிடம் பாடம் கேட்க வந்தவர்களில், தலை நரைத்தபிறகு வந்தவர் சேந்தன் ஒருவர்தான். ஆசிரியைக்கு அவரைவிட வயது குறைவு. சேந்தன் முன்பு தலைநகரில் அரண்மனை உத்தியோகம் பார்த்தவர். அதை விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய் அழுகிய சிப்பி கழுவிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்ட பழைய நண்பர்கள், ஆளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று முடிவு கட்டினார்கள்.

கலங்கவில்லை. அவருக்கு ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

அரண்மனையில் அவர் பார்த்தது இது. வைத்தியர் வந்து ஒன்று சொல்வார். வானம் பார்க்கும் கணியர் வந்து ஒன்று சொல்வார். அரசாங்கம் தனக்கு வேண்டியதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளும். கொஞ்ச காலம் போனால் வைத்தியரும் கணியரும் அரசாங்கத்துக்கு வேண்டியதை மட்டுமே சொல்லப் பழகிவிடுவார்கள். இதில் யார் யாரைக் கெடுத்தது என்று சேந்தனுக்குப் பிடிபடவில்லை. அரண்மனைக்குப் பிடிக்காததைச் சொல்லியும் வேலையில் நீடிக்கிற ஒரே ஆள் உலகநாச்சி என்று யாரோ சொல்ல, புறப்பட்டு வந்துவிட்டார்.

உலகநாச்சியின் வேலை கடலுக்கு அடியில். கரையிலிருந்து தோணி கண்ணுக்கு மறைகிற தூரத்தில், முத்துச்சிப்பி வளரும் பாறைத்திட்டுகள் இருந்தன. அவற்றைப் பார் என்பார்கள். சிப்பி முற்றினால்தான் முத்து முற்றும். இளசாக இருக்கும்போதே அள்ளிவிட்டால் பொடி முத்துக்கு மேல் கிடைக்காது, இனம் பெருகச் சிப்பியும் மிஞ்சாது. பார் செத்துப்போகும்.

அதனால் பழைய அரசர் ஒருவர் ஒரு சட்டம் வைத்துவிட்டுப் போயிருந்தார். பாரை ஆராய்கிறவர் ஒரு தோணி சிப்பியைக் கொண்டுவந்து கரையில் குவிக்க வேண்டும். வெயிலில் அழுகவிட்டு, கழுவி, ஊரார் கண்ணெதிரே சல்லடையில் சலித்துக் காட்ட வேண்டும். பிறகு கரையில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி 'பார் பழுத்தது' என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வராமல் ஒரு தோணியும் கடலில் இறங்கக் கூடாது.

அன்றைக்குச் சேந்தன் சிப்பிக் குவியலுக்கு நடுவில் குனிந்திருந்தார். ஈ மொய்த்தது. அரண்மனைச் சாப்பாட்டில் வளர்ந்த தொப்பை சரியாகக் குனியவிடாமல் இடித்தது. அந்த நிலையிலும் அவருக்குத் தத்துவம்தான் வந்தது.

"அம்மா, அறிவு அரசுக்கு அடங்கணுமா? அரசு அறிவுக்கு அடங்கணுமா?"

"வாயை மூடிட்டுக் கழுவுங்க, சேந்தரே. ஈ உள்ள போயிடும்."

சேந்தன் வாயை மூடிக்கொண்டு கழுவினார்.

கழுவி முடித்ததும் உலகநாச்சி சல்லடைகளை எடுத்தாள். பெரிய கண்ணுள்ள சல்லடையில் ஒன்றும் நிற்கவில்லை. அடுத்ததிலும் நிற்கவில்லை. கடைசிச் சல்லடையின் கண்கள் மிகப் பொடி. அதிலும் தங்காமல் மணலோடு மணலாக விழுந்தது முத்து. சுற்றி நின்ற குளியாட்கள், அதாவது கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கிறவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அவர்கள் தலைவன் கூத்தன் முன்னால் வந்தான்.

"இந்த வருசமும் இல்லையா, அம்மா?"

"இன்னும் ரெண்டு மழை போகணும், கூத்தா."

"அடுப்பு ரெண்டு மழை பொறுக்காதே."

"தெரியும்."

அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று கூத்தன் நின்று பார்த்துவிட்டுப் போனான். அவன் போனபிறகு அவள் கீழே விழுந்த மணலை அள்ளி, பொடிச் சல்லடையில் மறுபடி ஒருமுறை சலிப்பதைச் சேந்தன் பார்த்தார். இந்த அம்மாவுக்கு நெஞ்சு கல் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது எவ்வளவு பெரிய பொய் என்று அன்று அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை பல்லக்கு வந்தது.

பல்லக்கிலிருந்து இறங்கியவர் அமைச்சர் விழுப்பரையர். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார். சேந்தனின் மனைவி இவருக்குக் கூடப்பிறந்த தங்கை. சேந்தன் அரண்மனையில் ஏறிய ஒவ்வொரு படியும் இந்த மைத்துனர் கைகொடுத்து ஏற்றியது. இறங்கி வந்தது மட்டும் தானாக.

அமைச்சர் சுற்றி வளைக்கவில்லை.

"துறைமுகத்துல குதிரைக் கப்பல் வந்து நிக்குது. அவங்க முத்துக்குத்தான் குதிரை கொடுப்பாங்க, பொடியா இருந்தாலும் மூட்டைக் கணக்குல எடுத்துப்பாங்க. வடக்கு எல்லையில எதிரி கூடாரம் அடிச்சாச்சு. பாரைத் திறக்கணும், அம்மா."

"பார் பழுக்கலை."

"அது எனக்கும் தெரியும். சொல்லுக்குத்தான் வந்தேன்."

"எந்தச் சொல்லுக்கு?"

"'பழுத்தது.'"

"வராது."

அமைச்சர் கோபப்படவில்லை. இதைவிட முரண்டு பிடித்தவர்களை எல்லாம் பார்த்தவர் அவர். துண்டை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, மெல்லச் சிரித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"சரி. பழுத்ததுன்னு சொல்ல வேண்டாம். 'திறந்தால் பெரிய சேதம் வரும் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை.' இப்படிச் சொல்லலாம் இல்லையா? இதுல பொய் எங்க இருக்கு?"

உலகநாச்சி அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"வாக்கியம் அழகா இருக்கு. எந்தப் பாருல மூழ்கி எடுத்தீங்க?"

குவியல் பக்கம் நின்ற யாரோ சிரித்துவிட்டார்கள். அமைச்சரின் காது சிவந்தது.

"அம்மா, நாடு போயிட்டா பார் இருந்து என்ன பிரயோசனம்?"

"நல்ல கேள்வி. அரசரைக் கேளுங்க. குதிரை வேணுமா வேண்டாமா, எதிரி வருவானா மாட்டானா, அதெல்லாம் அவர் பாடு. நான் தலையிட மாட்டேன். திறக்கணும்னா அவர் திறக்கட்டும். சிப்பி பழுத்துப்போச்சுன்னு மட்டும் என்னால சொல்ல முடியாது. ஏன்னா, பழுக்கலை."

"சட்டத்தை மீறி அரசர் சும்மா திறந்தா ஊர் என்ன பேசும்?"

"ஓ. அதுக்குத்தான் நான் வேணுமா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அமைச்சர் சேந்தன் தோளில் கைபோட்டு ஈர மணல் பக்கம் அழைத்துக்கொண்டு போனார். யாரும் காதில் வாங்க முடியாத தூரம் வந்ததும் நின்றார்.

"மாப்பிள்ளை, அந்த அம்மாவுக்கு இன்னையோட வேலை போச்சு. நாளைக்கு அரசரே இங்க வர்றார். பாரை ஆராய்கிற தலைவரா நீதான் நிக்கப்போற."

"மச்சான், பார் நிஜமாவே இளசு."

"யார் இல்லைன்னா? நான் சொல்றதைக் கேளு. நீ மாட்டேன்னா, நாளைக்கே வேற ஒருத்தனைக் கொண்டுவந்து நிறுத்துவேன். அவனுக்குச் சிப்பிக்கும் கிளிஞ்சலுக்கும் வித்தியாசம் தெரியாது. நான் கேட்டா எல்லாப் பாரையும் திறந்துவிடுவான். நீ நின்னா ஒரு பாரோட போகும். மத்ததை எல்லாம் நீ காப்பாத்திக்கலாம். உள்ள இருந்தாத்தானே நல்லது பண்ண முடியும்? வெளிய நின்னு கத்தினா யாருக்கு லாபம்?"

கேட்கக் கேட்க அதில் நியாயம் இருப்பதுபோலவே இருந்தது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"அப்புறம் இன்னொண்ணு. குளியாளுக்குக் கயிறு பிடிக்க யாரை வைப்பாங்க? மைத்துனனை. ஏன்? தங்கச்சி தாலியறுக்கக் கூடாதேன்னு அவன் கயிற்றை விடவே மாட்டான். அரண்மனையில உன் கயிறு என் கையில, மாப்பிள்ளை. இவ்வளவு நாள் விட்டேனா? என்னை விட வச்சிடாதே."

சொல்லிவிட்டு அன்பாகத் தட்டிக்கொடுத்தார். நடிப்பு இல்லை, நிஜமான அன்புதான். பல்லக்கு போய்விட்டது.

சேந்தன் திரும்பி வந்தபோது உலகநாச்சி சல்லடைகளைக் கடல்நீரில் அலசிக்கொண்டிருந்தாள். வேலை போன சேதி அவளுக்கு வந்துவிட்டிருந்தது. அலசுவதை அவள் நிறுத்தவில்லை.

"அம்மா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரியும்."

"என்னை உங்க இடத்துல வைக்கிறாங்க."

"அதுவும் தெரியும்."

"ஒரே ஒரு சொல். சொன்னா ஒரு பார் போகும், மத்ததைக் காப்பாத்தலாம். சொல்லலைன்னா எல்லாமே போகும். என்ன செய்யட்டும்?"

அவள் சல்லடைகளைக் கவிழ்த்து வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க. தோணியைத் தள்ளுவோம்."

பகல் சாய்வதற்குள் பாருக்கு மேலே வந்து சேர்ந்தார்கள். தண்ணீர் தெளிவாக இருந்தது. உலகநாச்சி மூழ்கு கல்லைக் கயிற்றில் கட்டி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இறங்குங்க."

"நானா? கயிறு பிடிக்க மைத்துனன் வேணுமே, அம்மா."

"அவர் பல்லக்குல போயிட்டார். இன்னைக்கு நான்தான்."

சேந்தன் இத்தனை நாளில் மூழ்கக் கற்றிருந்தார். யாரும் மெச்சும்படி இல்லை. கல்லின் மேல் கால் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பார் முழுக்க இளஞ்சிப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. கையால் தடவிப் பார்த்தார். கயிற்றை அசைத்தார். உலகநாச்சி இழுத்தாள்.

"என்ன இருக்கு?"

"சிப்பி. இளசு."

"அரசருக்குக் குதிரை வேணுமாம். மறுபடி போய்ப் பாருங்க."

சேந்தன் அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. இறங்கினார். ஏறினார்.

"இப்போ?"

"இளசுதான்."

"கூத்தன் வீட்டுல அடுப்பு எரியலை. அதை மனசுல வச்சுக்கிட்டுப் பாருங்க."

இறங்கினார். மூச்சு முட்டியது. ஏறி வந்து தோணியின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினார்.

"இளசு, அம்மா."

"உங்களுக்குப் பதவி வருது. சேதி கீழேயும் எட்டியிருக்கும். மரியாதைக்காவது கொஞ்சம் வளர்ந்திருக்கும். போங்க."

அவர் போனார். இந்தத் தடவை வெகுநேரம் கழித்துத்தான் கயிறு அசைந்தது. மேலே வந்தபோது மூக்கிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. அவருக்கு வந்த கோபத்தில் ஆசிரியை என்பதும் மறந்துபோயிற்று.

"எத்தனை தடவை அனுப்பினாலும் அது இளசுதான்! அரசருக்கு வேணும், கூத்தனுக்கு வேணும், எனக்கு வேணும்! அதுக்கு என்ன? அதுக்குக் காதா இருக்கு?"

உலகநாச்சி கையைக் கொடுத்து அவரைத் தோணிக்குள் இழுத்துப் போட்டாள். அவர் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கினார்.

"சேந்தரே, உங்களை எத்தனை தடவை கீழே அனுப்பணும்னு யார் முடிவு பண்ணினா?"

"நீங்க."

"உங்களைக் கேட்டேனா?"

"இல்லை."

"கீழே என்ன இருந்துச்சுங்கறதை யார் முடிவு பண்ணினா?"

சேந்தன் வானத்தைப் பார்த்தபடி யோசித்தார்.

"யாரும் முடிவு பண்ணலை, அம்மா. பார்த்தேன்."

"துடுப்பை எடுங்க."

கரை நெருங்கும்போது அவர் கேட்டார்.

"நாளைக்கு நான் என்ன சொல்லணும்? அதை நீங்க சொல்லவே இல்லையே."

"சொல்ல மாட்டேன். பார்த்தது நீங்க. நாக்கும் உங்களுது."

மறுநாள் கடற்கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். முரசு வந்திருந்தது. குளியாட்கள் கல்லும் கயிறும் வலைப்பையுமாகத் தோணிகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். அவர்களுடைய பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். உலகநாச்சி கூட்டத்தோடு கூட்டமாக ஒரு ஓரத்தில் நின்றாள். வேலை இழந்தவளுக்குப் பந்தலில் இடம் கிடையாது.

அரசர் வந்தார். சின்ன வயசு. பல நாள் சரியாகத் தூங்காத முகம். கெட்டவர் என்று சொல்ல அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. நேற்று ராத்திரிவரை சேந்தன் மனதில் ஒரு கொடுங்கோலனை உட்கார வைத்து அவனோடு வாதாடிப் பார்த்திருந்தார். இந்தப் பிள்ளையைப் பார்த்ததும் அந்த வாதம் எல்லாம் உதவாது என்று தெரிந்துவிட்டது.

அமைச்சர் கண்ணைக் காட்டினார். முரசு அடிப்பவன் கோலை ஓங்கிப் பிடித்தான். சேந்தன் எழுந்து ஈர மணலுக்கு வந்தார்.

குளியாட்கள் அவர் வாயையே பார்த்தார்கள். அரசரின் பார்வையைக்கூடத் தாங்கிக்கொள்ள முடிந்தது. கூத்தனின் பார்வையைத் தாங்க முடியவில்லை. தலைநகரத்து வீடு நினைவுக்கு வந்தது. வாசலில் நிற்கும் மனைவி நினைவுக்கு வந்தாள். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பார் பழுக்கவில்லை."

முரசுக்காரன் ஓங்கிய கோலோடு அப்படியே நின்றான்.

முதலில் கத்தியது அரண்மனைக்காரர்கள் இல்லை. கூத்தன்.

"யோவ்! உனக்கென்ன, வயிறு நிறைஞ்ச ஆளு! எங்க பிள்ளைங்களை வந்து பாரு!"

"பார்த்தேன், கூத்தா. சிப்பியையும் பார்த்தேன். உன் பிள்ளைக்குப் பசிக்குதுங்கறது நிஜம். சிப்பி இளசுங்கறதும் நிஜம். ஒண்ணுக்காக இன்னொண்ணை என்னால மாத்த முடியலை."

அமைச்சர் பாய்ந்து வந்து அவர் முழங்கையைப் பிடித்தார்.

"மாப்பிள்ளை, என் தங்கச்சியை நினைச்சுப் பாரு. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. தொண்டை கட்டிடுச்சுன்னு சொல்லிடலாம். திருப்பிச் சொல்லு."

"விடுங்க, மச்சான்."

அரசர் கையை உயர்த்தினார். கரை அடங்கியது.

"எல்லையில் எதிரி நிற்பது உமக்குத் தெரியுமா?"

"தெரியும், அரசே."

"குதிரை இல்லாமல் போருக்குப் போனால் தோற்போம். தோற்றால் இந்தப் பார் எதிரிக்குப் போகும். அதுவும் தெரியுமா?"

"போகலாம், அரசே."

"அப்படியென்றால் திறப்பதுதானே சரி?"

"சரியாக இருக்கலாம். அதைச் சொல்ல நான் யார்? எதிரியை நான் பார்க்கவில்லை. சிப்பியைப் பார்த்தேன். இன்று அள்ளினால் பார் செத்துவிடும். அதோ இடுப்பில் இருக்கிற பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிற வரைக்கும் அங்கே முத்து இராது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நாட்டுக்கு எது பெரிது, பாரா குதிரையா, அது உங்கள் முடிவு. முடிவு செய்யுங்கள். நான் தடுக்கவில்லை."

"பிறகு ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்?"

"உங்கள் முடிவை என் சிப்பிமேல் ஏற்றிச் சொல்லச் சொல்கிறீர்கள், அரசே. அது என்னால் ஆகாது. திறப்பதானால் திறவுங்கள். 'பார் பழுக்கவில்லை, தெரிந்தே திறக்கிறேன்' என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். ஊர் கேட்கட்டும்."

பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். இவனை இழுத்துக்கொண்டு போங்கள் என்றது ஒரு குரல். அரசரிடமே வாக்குமூலம் கேட்கிறானா என்றது இன்னொன்று. சேந்தன் நின்ற இடத்திலேயே நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குத் தன்மேல் வெட்கம் இல்லை.

அரசர் கூட்டத்தைத் துழாவி உலகநாச்சியைக் கண்டுபிடித்தார்.

"இதெல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுத்ததா?"

"இல்லை, அரசே. கயிறு மட்டும்தான் பிடிச்சேன். மூழ்கினது அவர்."

அரசர் கடல் பக்கம் திரும்பினார். அமைச்சர் அவர் காதில் ஏதோ சொல்லப் போனார். அரசர் தலையை நகர்த்திக்கொண்டார். பிறகு எழுந்து, பந்தலைவிட்டு வெயிலுக்கு வந்தார்.

"பார் பழுக்கவில்லை."

குரல் எழும்பவில்லை. அரசர் சொல்வதை உரக்கத் திருப்பிச் சொல்வதற்கென்றே ஒரு கட்டியக்காரன் உண்டு. அவன் வழக்கம்போல, கரையின் கடைசி ஆள்வரை கேட்கும்படி முழங்கினான்.

"பார் பழுக்கவில்லை!"

"தெரிந்தே திறக்கிறேன்."

"தெரிந்தே திறக்கிறேன்!"

முரசு ஒலித்தது. எப்போதும் முரசு கேட்டவுடன் தோணிகள் முண்டியடித்துக்கொண்டு இறங்கும், பெண்கள் குலவையிடுவார்கள். அன்று குலவை இல்லை. குளியாட்கள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கிழவர் கல்லைக் கீழே போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். கூத்தன் மனைவி மணலில் உட்கார்ந்துவிட்டாள். கூத்தன் அவளைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், கடைசியில் தோணியில் ஏறினான். சேந்தன் பக்கம் திரும்பவே இல்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக ஏறினார்கள்.

பொழுது சாய்வதற்குள் சேந்தனும் உலகநாச்சியும் கரையை விட்டுப் போய்விட வேண்டும் என்று உத்தரவு வந்தது. உத்தரவைக் கொண்டுவந்தவர் விழுப்பரையர். இந்தத் தடவை பல்லக்கில் வரவில்லை, நடந்து வந்தார். ஒரே நாளில் கிழடு தட்டியிருந்தது.

"கயிற்றை விட்டுட்டேன், மாப்பிள்ளை. தலைநகரத்துல உனக்கு வீடு இல்லை."

"உங்க தங்கச்சி?"

"அவகிட்ட எல்லாம் சொல்றேன். உன்கூட வர்றதும் வராததும் அவ இஷ்டம்."

"எல்லாம்னா, அரசர் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்க, மச்சான்."

அமைச்சர் திரும்பி நடந்தார்.

மூட்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உலகநாச்சி சல்லடைகளைத் தூக்கிக்கொண்டாள். உப்பளத்து வரப்பின் வழியாக இருவரும் மேற்கே நடந்தார்கள். சேந்தன் அடிக்கடி திரும்பிப் பார்த்தார். தோணிகள் கண்ணுக்கு மறைந்து, பாருக்கு மேலே கூடி நிற்கும் நேரம். அங்கே அள்ளுவது தன் மார்பையே அள்ளுவதுபோல வலித்தது. உப்பளம் தாண்டியதும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"பார் போச்சு. உங்க வேலை போச்சு. என் வீடு போச்சு. நாளைக்கு வேற ஒருத்தனைக் கொண்டுவந்து நிறுத்துவாங்க. என்ன சாதிச்சோம், அம்மா? பேசாம அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தா மத்த பார்களாவது மிஞ்சியிருக்குமோ?"

உலகநாச்சி நடையை நிறுத்தவில்லை.

"என் ஆசானும் அப்படித்தான் நினைச்சார். நல்ல மனுசன். உங்க மச்சான் மாதிரி ஒருத்தர் வந்து கேட்டார், ஆசானும் மத்ததைக் காப்பாத்திக்கலாம்னு 'பழுத்தது'ன்னு சொல்லிட்டார். தெற்குப் பாரு அது. ஒரே பருவத்துல செத்துப்போச்சு."

"மத்ததைக் காப்பாத்தினாரா?"

"அடுத்த வருசமும் வந்து கேட்டாங்க. ஒரு தடவை சொன்னவர்தானே."

சேந்தன் எட்டி நடந்து அவள் பக்கத்தில் வந்தார்.

"அப்போ ஊர் பட்டினி கிடந்திருக்குமே?"

"கிடந்துச்சு. சுறா அண்டாம மந்திரம் போடுற ஒருத்தர் இருந்தார். அவர் மந்திரம் தப்பாப்போச்சு, அதான் பார் செத்துச்சுன்னு கல்லால அடிச்சுத் துரத்தினாங்க. கடலுக்குக் கோபம்னு ஆடு வெட்டினாங்க. தலைப்பிள்ளை பெண்ணாப் பிறந்த வீட்டையெல்லாம் திட்டினாங்க."

"அரசரை ஒண்ணும் கேட்கலையா?"

"அவரை ஏன் கேட்கப்போறாங்க? பார் பழுத்துத்தானே இருந்துச்சு?"

சேந்தன் நின்றுவிட்டார். உலகநாச்சியும் நின்று, இடுப்பிலிருந்த சல்லடைகளை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

"இந்தத் தடவையும் பசி வருமே, அம்மா."

"வரும். வந்தா யார் வாசல்ல போய் நிக்கணும்னு இப்போ ஊருக்குத் தெரியும், சேந்தரே."